ஃபாசின் குழாயும் என் பதினான்காவது வருடமும்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையோடு நான் பினாங்குக்கு வந்து பதினான்கு வருடம் முடிந்தது. ஊரில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் ஏதோ பதவி உயர்வு கிடைத்ததைப்போல் வாழ்த்துவார்கள். அன்று காலை ஆய்வகத்துக் குளிர்பெட்டியைத் திறந்தேன். கெட்டுப்போன பாலின் நாற்றம் அடித்தது. பதினான்கு வருடத்துக்கு எனக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது மதுரையில் இருக்கும் என் தம்பிக்கே இன்றுவரை தெரியாது. "அக்கா மலேசியாவுல டாக்டரு" என்று கல்யாண வீடுகளில் சொல்லிவைத்திருக்கிறான். நான் டாக்டர் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆய்வகத்தில் ஒப்பந்த ஊழியர். பொருட்களை வரவழைப்பது, மாணவர்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பது, புரொபசர் கேட்கும் படங்களை எடுத்துக் கொடுப்பது, இவைதான் என் வேலை. வருடத்துக்கு ஒருமுறை அவர் கையெழுத்துப் போட்டால் என் வேலை பாஸ், அதாவது இந்த நாட்டில் இருக்கும் அனுமதி, நீளும். என் கணவருக்குத் தொழிற்சாலை வேலை போய் இரண்டு வருடம் ஆகிறது. அதனால் அவர் இங்கே இருப்பதும், மகள் இனியா இங்கே படிப்பதும் என் பாஸின் வாலைப் பிடித்துக்கொண்டுதான்.

நாற்றத்துக்கு வருகிறேன். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கட்டடத்துக்குக் கட்டுவதுபோல் ஒரு சாரம் இருக்கிறது. அந்தச் சாரத்தின் இழைகளைக் கற்றையாகக் கட்டிவைக்கும் புரதங்களில் ஒன்றுக்கு ஃபாசின் என்று பெயர். புற்றுநோய்ச் செல்லில் அது மிகுந்துவிட்டால் செல் இருந்த இடத்தில் இருக்காமல் ஊர்ந்து போகத் தொடங்கும். அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று காட்டிக்கொடுக்க ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடி வேண்டும். எலியின் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகிய வம்சம் சுரக்கும் பொருள் அது. துளித் துளியும் அச்சு அசலாக ஒன்றே. ஃபாசினைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அதற்குத் தெரியாது. நாற்பத்தேழு வயதில் நான் அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

செல்லைக் கரைத்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, ஒரு வெள்ளைச் சவ்வில் ஒட்டவைப்போம். ஆன்டிபாடியைக் கொழுப்பெடுத்த பாலில் கலந்து அதன்மேல் ஊற்றி, மணிக்கணக்கில் ஆட்டுவோம். ஃபாசின் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். பட்டை தடித்தால் ஃபாசின் அதிகம், மெலிந்தால் குறைவு. அவ்வளவுதான் விஷயம். இதற்குள்தான் இத்தனை அசிங்கமும்.

2

அந்தப் பாலை நாங்கள் கொட்டுவதில்லை. சவ்வை எடுத்த பிறகு மறுபடி குழாயிலேயே ஊற்றி, மூடி, உறையவைத்து, அடுத்த வாரம் உருக்கிப் பயன்படுத்துவோம். ஐந்து முறை, பத்து முறை, இருபது முறை. வசதியான ஆய்வகங்களில் இப்படியும் நடக்கிறதா என்று தெரியாது. எங்கள் ஆய்வகத்தில் இது சட்டம். சட்டத்தைப் போட்டவள் நான்.

இதை நான் மதுரையிலிருந்து கொண்டுவந்தேன். அங்கே படித்த காலத்தில் கையுறையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டோம். ஒரு தடவைக்கென்று செய்த பிளாஸ்டிக் முனைகளைக் கழுவி மறுபடி மறுபடி அளவுக்குழலில் சொருகினோம். எங்கள் வழிகாட்டி வீட்டுக்கு வாரச் சந்தையில் காய்கறி வாங்கிக் கொடுப்பதும் ஆராய்ச்சியில் சேர்த்திதான். அவருக்குப் பிஞ்சு வெண்டைக்காய்தான் வேண்டும். முற்றியதை வாங்கி வந்தால் அந்த வாரம் நம் அறிக்கையைத் தொடமாட்டார். நான் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கக் கற்றது பட்டமேற்படிப்பில். ஊரை நினைத்து உருகச் சொல்லிக் கேட்கும் பத்திரிகை நண்பர்களுக்கு நான் கொடுக்க முடிந்த நினைவு இதுதான்.

இங்கே வந்ததும் அந்தச் சிக்கனத்தை என் திறமையாகக் காட்டிக்கொண்டேன். புரொபசர் மகிழ்ந்துபோனார். "மலர் இருந்தா ஒரு சொட்டுகூட வேஸ்ட் ஆகாது" என்று விருந்தாளிகளிடம் அறிமுகம் செய்வார். நானும் பல்லைக் காட்டுவேன்.

சிக்கனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. புது ஆன்டிபாடி கடல் கடந்து வர ஆறு வாரம் ஆகும். விலங்கிலிருந்து வந்த பொருள் என்பதால் அனுமதிக் கடிதம் வேண்டும். பாயான் லெப்பாஸ் சரக்கு நிலையத்தில் முதல் தடவை நின்றபோது அதிகாரி படிவத்தைப் பார்த்துவிட்டு மலாயில், எலி எங்கே என்று கேட்டார். என் மலாய் அப்போது கைக்குழந்தை. "சூடா மாத்தி," செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. செத்த விலங்குக்கு வேறு படிவம், வேறு அலுவலகம், அதுவும் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். சுண்டுவிரல் நுனி அளவு புட்டியில் எலி கிடையாது என்று விளக்க எனக்கு மூன்று நாள் ஆனது. ஐஸ் பெட்டிக்குள் ஐஸ் உருகி, என் கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் அவரே பரிதாபப்பட்டு முத்திரை குத்தினார். அதன்பிறகு ஒரு சொட்டைக் கொட்டவும் எனக்கு மனசு வந்ததில்லை.

3

யோகேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது இருபத்தாறு. பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெரியில் வருவாள். அப்பா கொள்கலன் லாரி ஓட்டியவர், சர்க்கரை நோயால் காலில் புண் வந்து வேலையை விட்டு நின்றுவிட்டார். அம்மா ஒரு துணிக்கடையில் இருக்கிறார். அந்தக் குடும்பத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்த முதல் ஆள் அவள்.

அவளுடைய வேலை, புற்றுநோய்ச் செல்லில் ஃபாசின் உருவாவதை நிறுத்துவது. நிறுத்திவிட்டால் செல் ஊர்ந்து போகிறதா இல்லையா என்று பார்ப்பது. நிறுத்தியதற்கு அத்தாட்சி, சவ்வில் பட்டை மெலிய வேண்டும். மெலியவே இல்லை. ஐந்து மாதம் திரும்பத் திரும்பச் செய்தாள். ஒவ்வொரு முறையும் பட்டை கல்லுப்பிள்ளையாராக அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"அக்கா, மூணு வாட்டி புதுசா செல் வளர்த்துப் பண்ணிட்டேன் லா. சேம்தான் வருது. அந்த ஆன்டிபாடிய ஃபிரெஷ்ஷா கலந்து ஒருவாட்டி பார்க்கட்டா?"

"புட்டியில கடைசி கொஞ்சம்தான் இருக்கு. புதுசு வர ஆறு வாரம். குழாயில இருக்கறதுக்கு என்ன குறை? நல்லாத்தானே பட்டை வருது."

"நல்லா வர்றதுதான் அக்கா பிரச்சினை."

இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை. வாராந்திரக் கூட்டத்தில் புரொபசர் அவளுடைய படத்தைத் திரையில் போட்டு, எல்லார் முன்னாலும் சொன்னார்: "யோகேஸ், படிப்புல நீ ஓகே. ஆனா உன் கை சரியில்ல. லேப் வேலை கையில இருக்கணும். சிலருக்கு வராது." பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன மலர்?" என்றார். நான், "கவனம் பத்தலை" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். என்ன கவனம், எங்கே பத்தலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் கிடையாது.

அன்றிலிருந்து அவள் எதைச் செய்தாலும் இரண்டு தடவை கையைப் பார்த்துக்கொள்வாள். அளவுக்குழலைப் பிடிக்கும்போது விரல் நடுங்கும். நடுங்குகிற விரலைப் பார்த்து, புரொபசர் சொன்னது சரிதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். போன மாதம் பல்கலைக்கழகத்து ஃபாகுல்த்தி அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. முன்னேற்றம் திருப்தியில்லை, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவளை நீக்குவது பற்றி முடிவெடுப்பார்கள், அதற்குள் எழுத்தில் விளக்கம் தரலாம். அவள் விளக்கம் தரவில்லை. கையிருப்புப் பட்டியலில் தன் பொருட்களையெல்லாம் கணக்கொப்பித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையே மேசையைக் காலி செய்துவிட்டாள்.

4

நான் குளிர்பெட்டியைத் திறந்தது அதற்கு இரண்டாம் நாள். யாரோ ஃபாசின் குழாயை உறையும் பெட்டியில் வைக்காமல் இதிலேயே விட்டிருந்தார்கள். பால் திரிந்து கட்டியாகக் கிடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தொட்டியில் கொட்டிவிட்டு, குழாயைக் கழுவாமல் வைத்தேன். அதே காலையில் புது ஆன்டிபாடியும் வந்து சேர்ந்திருந்தது. சரி, பழையது நாறிவிட்டது, புதியதைச் சோதித்துவிடுவோம் என்று கைக்கு அகப்பட்ட மாதிரியை எடுத்தேன். அது யோகேஸ்வரி உறையவைத்துவிட்டுப் போன செல் கரைசல்கள்.

மறுநாள் மதியம் படம் வந்தது. அவள் ஃபாசினை நிறுத்தாத செல்லில் பட்டை கறுகறுவென்று இருந்தது. நிறுத்திய செல்களில் பட்டை இல்லவே இல்லை. மூன்று முறை செய்ததில் மூன்றிலும் இல்லை. எந்த ஆய்வேட்டிலும் முதல் பக்கத்தில் போடும்படியான சுத்தமான வேலை. பதினான்கு வருடத்தில் எங்கள் ஆய்வகத்தில் இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் பழைய குழாய் ஏன் பட்டையைக் காட்டியது? நோட்டைப் புரட்டினேன். சவ்வில் எல்லா மாதிரியையும் சம அளவில் ஏற்றினோமா என்று சரிபார்க்க டியூபுலின் என்ற இன்னொரு புரதத்தையும் பார்ப்போம். அதுவும் செல்லின் சாரத்தைச் சேர்ந்தது. எந்தச் செல்லிலும் அவ்வளவாகக் கூடாது, குறையாது. அதற்கும் எலியின் ஆன்டிபாடிதான், அதற்கும் பால்தான், அதே நீல மூடிக் குழாய்தான். அதன் பட்டையும் ஏறக்குறைய ஃபாசின் நிற்கும் உயரத்திலேயே நிற்கும்.

ஐந்து மாதத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் என் கையெழுத்து. அன்று ஆட்டும் கருவியில் இரண்டு டப்பாக்கள். ஒன்றில் ஃபாசின், ஒன்றில் டியூபுலின். இரண்டையும் குழாய்களுக்குத் திருப்பி ஊற்றும் நேரத்தில் இமிகிரேஷனிலிருந்து போன். என் கடவுச்சீட்டில் அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராக இருக்கிறது, மகளின் சான்றிதழில் அது இல்லை, அவள் உங்கள் மகள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு, பெற்றதற்கு என்ன ஆதாரம் தருவது என்று வயிறெரிந்துகொண்டே ஊற்றினேன். மறுநாள் நோட்டில் எழுதியிருக்கிறேன்: டியூபுலின் குழாய் காலி, புதிதாகக் கலக்க வேண்டும். அதற்கடுத்த வரி: ஃபாசின் குழாயில் இருபது மில்லி.

முந்தின நாள் அது பத்து மில்லி.

பால் தானாகப் பெருகாது. இரண்டையும் ஒரே குழாயில் ஊற்றியிருக்கிறேன். அன்றிலிருந்து அந்தக் குழாய் ஃபாசினையும் காட்டியது, எப்போதும் மாறாத டியூபுலினையும் சேர்த்துக் காட்டியது. அவள் ஃபாசினை அடியோடு துடைத்தாலும் டியூபுலின் அதே இடத்தில் கறுப்பாக நின்றது. குழாயில் கூடியிருந்ததை அன்று நான் பார்த்தேன் என்பதுதான் கேவலம். யோகேஸ் சேர்த்துக் கலந்திருப்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இன்னும் பல நாளுக்கு வரும் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

சந்தேகம் தீர, குழாயின் அடியில் மிச்சமிருந்த நாறிய பாலை வடிகட்டி, அவளுடைய மாதிரியிலேயே மறுபடி ஓட்டினேன். பட்டை வந்தது. எல்லாக் கட்டத்திலும் வந்தது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். நாற்றம் கையை விட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டும் போகவில்லை.

5

புரொபசர் அறைக் கதவில் நாறும் துரியான் பழத்துக்குத் தடை என்று அதன் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட அறிவிப்பு ஒட்டியிருக்கும். உள்ளே அவர் பாலிக் புலாவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த துரியானைப் பிளந்து வைத்துக்கொண்டிருந்தார். ஈப்போக்காரர். நன்றாகத் தமிழ் பேசுவார். படங்களையும் நோட்டையும் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார். கொட்டையைத் துப்பிவிட்டுக் கேட்டார். முடிந்ததும் விரலை நக்கினார்.

"ஓகே மலர். இது மிஸ்டேக்தான். நான் ஒத்துக்கிறேன். ஆனா யோசிங்க. இந்தக் குழாயில எடுத்த ரெண்டு ஃபிகர் இப்ப ஜர்னல்ல ரிவ்யூவுல இருக்கு. நான் ஃபாகுல்த்திக்கு அந்தப் பொண்ணுக்குக் கை வராதுன்னு எழுதிட்டேன். இப்ப போய் நாங்க ரெண்டு ஆன்டிபாடிய ஒண்ணா ஊத்திட்டோம்னு சொன்னா நம்ம லேப் என்ன ஆகும்?"

"நாங்க இல்ல சார். நான்தான் ஊத்தினேன்."

"நான் என்ன சொல்றேன்னா, ஆன்டிபாடி மேல ஒரு கம்ப்ளைன்ட் போடுங்க. பழைய லாட் டிஃபெக்டிவ். தப்பான புரோட்டீனைப் பிடிக்குது. கம்பெனிக்காரன் ஃப்ரீயா ஒண்ணு அனுப்புவான், மன்னிப்புக் கடிதமும் தருவான். அதை வச்சு ஜர்னலுக்குப் பதில் சொல்லிக்கலாம். எல்லாருக்கும் நல்லது."

"யோகேஸ்வரி?"

"அவளுக்கு மாஸ்டர்ஸ் குடுத்து அனுப்பலாம். அதுவே பெருசு லா." பிறகு மேசை ஓரத்தில் இருந்த கோப்பை இரண்டு விரலால் தள்ளினார். துரியான் பிசுக்கு அதன் அட்டையில் ஒட்டியது. "உங்க பாஸ் ரினியூவல் பேப்பர். ஃப்ரைடே கையெழுத்துப் போட்டுடறேன். எடுத்துக்குங்க, இது நல்ல பழம்."

நான் ஒரு சுளையை எடுத்துத் தின்றேன். இதையும் எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர் நீட்டினார், நான் தின்றேன், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

6

அந்தப் புகார்ப் படிவத்தை நான் நிரப்பினேன். கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு கட்டமாகக் கேட்கிறார்கள். எப்படிப் பாதுகாத்தீர்கள்? எதில் கலந்தீர்கள்? கலந்த கரைசலை எத்தனை முறை பயன்படுத்தினீர்கள்? அதில் ஒரு முறை என்று தட்டினேன். அனுப்பு என்ற பொத்தானையும் அழுத்தினேன்.

ஒரு எலியின் ஒரு செல், தனக்குத் தெரிந்த ஒரே வேலையைத் தப்பில்லாமல் செய்துகொண்டிருந்தது. அதன்மேல் பழியைப் போட்டு, பூசி மெழுகி அனுப்பியாயிற்று. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குத் திரும்பும் பஸ்ஸில் என் கையை முகர்ந்து பார்த்தேன். துரியானும் புளித்த பாலும் கலந்த வாடை. பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். அவர் செய்தது சரி என்றே தோன்றியது.

வீட்டில் கணவரிடம் சொல்லி, உண்மையை எழுதிவிடவா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர். வேலை போனபிறகு எதற்கும் அதிர்ந்து பேசுவதில்லை. "பாஸ் போயிடுச்சுன்னா முப்பது நாள்ல கிளம்பணும். இனியாவுக்கு அடுத்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை" என்று மட்டும் சொன்னார். செய், செய்யாதே என்று சொல்லவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. யாராவது ஒருவர் செய்யாதே என்று சொல்லியிருந்தால் பாதிப் பாவத்தை அவர் தலையில் கட்டியிருப்பேன்.

7

என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் நான் எழுதும் இந்தக் குறிப்பை அவளால் படிக்க முடியாது. என் தமிழைக் கேட்டால் செய்தி வாசிப்பவர் வீட்டுக்குள் வந்துவிட்டதாகச் சிரிப்பாள். ஊரில் தாத்தா இறந்ததற்கு வீடியோ அழைப்பில் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டு, கையில் எழுதிவைத்துக்கொண்டு பேசினாள். எனக்கு அது வலித்தது. ஆனால் இந்த நாட்டில் என் எழுத்து அவள்தான். அலுவலகங்களுக்குப் போகும் என் மலாய்க் கடிதங்கள் எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டித் தருவாள். பன்னிரண்டு வயதிலிருந்து.

வியாழக்கிழமை மாலை, அவள் பள்ளி விட்டு வந்து மீ கோரெங் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "ஃபாகுல்த்திக்கு ஒரு லெட்டர் போடணும்" என்றேன். மடிக்கணினியை இழுத்து வைத்துக்கொண்டாள். நான் சொல்லத் தொடங்கினேன். ஆய்வகத்தின் சூழ்நிலை, பொருள் வந்துசேரும் தாமதம், அனுமதிக் கடிதத்தில் உள்ள சிக்கல், குழாய்களின் ஒரே நிற மூடி, எல்லாரும் வேலை அழுத்தத்தில் இருந்தது. சப்பைக்கட்டு கட்ட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரைப் பக்கம் ஆனதும் அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

"மா, கேக்குறேன்னு கோவிச்சுக்காத. என்னதான் நடந்துச்சு?"

"ரெண்டு மருந்து ஒரே குழாயில கலந்துடுச்சு."

"யாரு ஊத்துனது?"

"நான்."

"அந்த அக்காவ அதுக்குத்தான் தொரத்துறாங்களா? அந்த ஃபெரியில வர்ற அக்கா?"

"ஆமா."

மீ கோரெங் தட்டைத் தள்ளி வைத்தாள். என்னை அவள் பார்த்த பார்வையை இதுவரை நான் பார்த்ததில்லை. என்மேல் எனக்கு இருந்த அருவருப்பு அவள் முகத்திலும் அப்படியே இருந்தது. அழித்தல் விசையை அழுத்திப் பிடித்து அரைப் பக்கத்தையும் அழித்தாள்.

"அப்ப அதையே எழுது லா மா. ஏன் கப்பல் லேட்டா வந்த கதையெல்லாம் சொல்ற?"

"பாஸ் போயிடும் கண்ணு. உன் ஸ்கூல்…"

"தெரியும். அப்பா சொன்னாங்க." அவளுக்கும் பயம்தான். இரண்டு வயதில் வந்து இந்த ஊரிலேயே வளர்ந்தவள், மதுரையில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் என் தம்பி. "என் பேரச் சொல்லி அந்த அக்காவ வெளிய அனுப்பாத" என்றாள்.

கடிதம் ஆறு வரியில் முடிந்தது. நான் ஊற்றினேன், நான் பார்த்தும் கேட்கவில்லை, அவள் புதிதாகக் கலக்கக் கேட்டபோது நான் மறுத்தேன், படங்கள் இணைப்பில் உள்ளன. அதே கையோடு ஆன்டிபாடி கம்பெனிக்கும் எழுதச் சொன்னேன். என் புகார் பொய், உங்கள் பொருளில் குறையில்லை. கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஃபாகுல்த்தி அலுவலகத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்ட முத்திரையும் பெற்றேன். முத்திரை குத்திய பெண் எதையும் படிக்கவில்லை. பக்கத்தில் பேசிக்கொண்டே குத்தினார்.

8

கூட்டம் நடந்தது. நீக்கவில்லை. ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். புரொபசர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பாஸ் தாள்கள் அவர் மேசையிலேயே, துரியான் பிசுக்கோடு இருக்கின்றன. பாஸ் முடிய இன்னும் முப்பத்தைந்து நாள் இருக்கிறது. அவர் யோகேஸ்வரிக்கு ஒரு வரியில் செய்தி அனுப்பியிருந்தார்: டெக்னிக்கல் பிரச்சினை சரியாகிவிட்டது, திங்கட்கிழமை வா. யாருடைய டெக்னிக்கல் பிரச்சினை என்று அதில் இல்லை. நன்றி சார் என்று அவள் பதில் போட்டதை ஆய்வக வாட்ஸாப் குழுவில் பார்த்தேன்.

சனிக்கிழமை மாலை ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த் போனேன். வரிசை வீடு. வெளியே அவள் அப்பாவின் சக்கர நாற்காலி மழைக்கு ஒதுக்கி வைத்திருந்தது. யோகேஸ்வரி என்னைப் பார்த்ததும் பதறி, "அக்கா, என்னக்கா நீங்க இவ்ளோ தூரம்!" என்று மைலோ கலக்கப் போனாள். வேண்டாம் என்று உட்காரவைத்துச் சொன்னேன். போன் வந்தது, ஊற்றியது, இருபது மில்லி, கூட்டத்தில் நான் சொன்ன கவனம் பத்தலை, துரியான், புகார், எல்லாம். மன்னிப்பு என்ற வார்த்தையை நான்கைந்து தடவை சொல்லியிருப்பேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அப்ப, அந்த அஞ்சு மாசமும் நான் பண்ணது சரியாக்கா?"

"சரி."

"மூணு வாட்டியுமா?"

"எல்லாமே சரி யோகேஸ். ஒண்ணுகூடத் தப்பில்ல."

உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பக்கத்து வீட்டம்மா இன்னும் வரலையா? பசிக்குதும்மா."

"யாரு வரணும்?" என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"அப்பாவுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போடணும். முன்ன நான்தான் போடுவேன். புரொப் அன்னைக்குக் கூட்டத்துல அப்படிச் சொன்னாரு, நீங்களும் சொன்னீங்க. அதோட விட்டுட்டேன். தப்புப் பண்ற கை, அப்பா உயிர்ல வெளயாடக் கூடாதுல்ல. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காதான் டெய்லி வந்து போட்டுட்டுப் போறாங்க."

அவள் எழுந்து கை கழுவினாள். குளிர்பெட்டியிலிருந்து ஊசிப்பேனாவை எடுத்தாள். அப்பாவைக் கூடத்துக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"நீயாம்மா போடப்போற?" என்றார் அவர்.

"நான்தான்ப்பா."

திருகி அளவை வைத்து, எண்ணை அவரிடம் காட்டினாள். வயிற்றுத் தோலைப் பிடித்து ஊசியை இறக்கி, உதட்டுக்குள் பத்து வரை எண்ணினாள். விரல் அசையவில்லை. ஊசியை எடுத்துப் பாதுகாப்பாகப் போட்டுவிட்டு, சட்டையை இழுத்துவிட்டு, அவருக்குச் சோறு போட்டு வைத்தாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா ஏழு மணிக்குக் கடை விட்டு வருவாங்க. ஃபாகுல்த்தி லெட்டர் வந்ததுலேருந்து, என்னால அவங்களுக்குத் தலை காட்ட முடியலன்னு கோயிலுக்குக்கூடப் போகாம இருக்காங்க. இருந்து, எனக்குச் சொன்ன மாதிரியே அவங்களுக்கும் சொல்லிட்டுப் போங்க அக்கா. எதையும் விடாம."

மணி ஆறேகால். நான் உட்கார்ந்திருந்தேன்.